உட்காரத் தெரியாத உடம்பு

"நீ இன்னும் உக்காரவே இல்ல, அம்மிணி" என்றாள் வசந்தியக்கா.

நான் உட்கார்ந்துதான் இருந்தேன். கைப்பிடி வைத்த மர நாற்காலி. இரண்டு கைகளையும் அந்தப் பிடிகளின் மேல், ராணி போல இல்லாவிட்டாலும் ஒரு பஞ்சாயத்து மெம்பர் போலவாவது, வைத்துக்கொண்டிருந்தேன்.

"உக்காந்துதானக்கா இருக்கறேன்."

"நாற்காலிக்கு மேல நின்னுட்டிருக்கறே. வேணும்னா பாரு."

அவள் குனிந்தாள். என் குதிகால்களுக்கு அடியில் காலுக்கொரு துண்டாகச் செய்தித்தாளைக் கிழித்துச் செருகியிருந்தாள். வலது கால் துண்டின் நுனியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். வந்துவிட்டது. இடது கால் துண்டும் வந்துவிட்டது. ஒரு சத்தம் இல்லை, ஒரு கிழிசல் இல்லை.

"எடை கீழ எறங்கியிருந்தா இது வருமா? பாதியில கிழிஞ்சிருக்கோணும்" என்று இரண்டு துண்டுகளையும் என் மூக்குக்கு நேராக ஆட்டினாள்.

கணபதியில் ஒரு மோட்டார் பம்ப் பட்டறை அது. ஞாயிற்றுக்கிழமைகளில் லேத்துகள் ஓய்ந்திருக்கும். அந்த அரை நாள்தான் எங்கள் நாடகக் குழுவுக்குக் கிடைத்த நேரம். கட்டிங் ஆயில் வாசனை, தகரக் கூரை வெயில், மூலையில் சுருள் சுருளாக இரும்புச் சீவல். நாங்கள் வெறுங்காலில் பயிற்சி செய்கிறவர்கள் என்பதால், பட்டறைக்காரரான ராமண்ணன் ஒரு பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, நாய்க்குட்டியைக் கூட்டிப்போவது போலத் தரை முழுக்க இழுத்துக்கொண்டு நடப்பார். காந்தம் முள்ளம்பன்றியாக மாறிய பிறகுதான் நாங்கள் செருப்பைக் கழற்றுவோம்.

இருபத்தைந்து வயதில் என்ன நினைவுக் குறிப்பு என்று போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. என் குதிகாலுக்கு என்னைவிட வயது அதிகம் என்பதுதான் என் பதில். இந்த வாரம் அதைத்தான் சொல்லப்போகிறேன்.

விசில் போட்ட இயக்குநர்

வசந்தியக்கா அப்போது ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். ஒரு கோடை விடுமுறையில் எங்கோ நடந்த நாடக முகாமுக்குப் போய்விட்டு, முழுப் பைத்தியமாகத் திரும்பி வந்தாள். கழுத்தில் தொங்கும் விசிலை மட்டும் கழற்றவில்லை. அதை ஊதித்தான் நாடகத்தை இயக்கினாள்.

"வசனம் மனசுல இருந்து வரோணும்னு எல்லாரும் சொல்றாங்க. மனசு எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. முட்டி எங்க இருக்குதுன்னு நல்லாத் தெரியும். அங்கிருந்து ஆரம்பிப்போம்" என்பாள்.

முதல் நாள் எல்லோரையும் சிமெண்டுத் தரையில் மல்லாக்கப் படுக்கச் சொன்னாள். கண்ணை மூடச் சொன்னாள். தரை உடம்பின் எந்தெந்த இடத்தைத் தொடுகிறது, எங்கே தொடவில்லை என்று பார்க்கச் சொன்னாள். பின்மண்டை, தோள்பட்டை, இடுப்பெலும்பு, குதிகால். இடுப்புக்கு மேலே ஒரு பாலம். அதற்கடியில் ஒரு கோழிக்குஞ்சு தாராளமாக நுழைந்து வெளியேறலாம். அதுவரை எனக்கு முதுகு இருப்பது தெரியும். முதுகுக்குள் ஒரு பாலம் இருப்பது தெரியாது.

"உன்ற எடை எங்க இருக்குது?" என்று தலைக்கு மேலே குரல் கேட்டது.

"நாப்பது கிலோ இருக்கும்க்கா."

"எவ்வளவுன்னு கேக்கல. எங்கன்னு கேட்டேன்."

நான் கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தவள். எடை என்றால் நிறை பெருக்கல் புவியீர்ப்பு முடுக்கம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எங்கே என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்விக்காக அடுத்த ஞாயிறும் வந்தேன். அதற்கடுத்த ஞாயிறும். காலைப் பூசை முடிந்ததும் பங்குக் கோயிலிலிருந்து நேராகப் பட்டறைக்கு ஓடிவிடுவேன். என் சைக்கிள் செயினைவிட என் மூட்டுகளில் அப்போது எண்ணெய் அதிகம்.

நாங்கள் செய்த நாடகம் நாங்களே பேசிப் பேசி உண்டாக்கியது. கதை சிறியது. ஊருக்கும் ஓடைக்கும் நடுவே, இரண்டு பக்கமும் வேலி வைத்த ஓர் இட்டேரி. காலங்காலமாகக் கூலிக்காரர்கள் நடந்த தடம். தோப்புக்காரப் பண்ணாடி ஒருநாள் அதை அடைத்துவிடுகிறார். கூலிக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி அவர் வீட்டுக்குப் போகிறாள். அவர் வரும்போது, அவர் எதிரிலேயே, நாற்காலியில் உட்காருகிறாள். உட்கார்ந்துகொண்டு, "தடத்தப் பத்திப் பேசோணும்" என்கிறாள்.

நாடகமே அந்த உட்காருவதில்தான் இருந்தது. அதற்கு முன்னால் வருவதெல்லாம் அதற்கான வழி. அந்தப் பெண் நான்.

ங்க போட்டால் கதை முடிந்தது

பண்ணாடி வேஷம் ராமண்ணனுக்கு. எங்கள் குழுவிலேயே மெத்தென்ற மனிதர் அவர்தான். லேத்தில் கை வைப்பதற்கு முன் அதையும் ஒருமுறை கும்பிட்டுக்கொள்வார். அவருக்குத் திட்டவே வராது.

"ஏனுங்க, இட்டேரியில யாரும் நடக்கக் கூடாதுன்னு சொன்னனுங்களே" என்று ஆரம்பிப்பார்.

விசில் அலறும். "ராமண்ணா! கூலிக்காரப் புள்ளகிட்டப் பண்ணாடி 'ங்க' போட்டாப் பேசுவாரு?"

"எங்க பெரியப்பன் போடுவாருங்க வசந்தி. மத்த நாளெல்லாம் வாடா போடாதானுங்க. என்னைக்கு ஒருத்தனை 'ஏனுங்க மாரியப்பா'ன்னு கூப்புட்டாரோ, அன்னைக்கு அவன் கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

பட்டறையில் யாரும் சிரிக்கவில்லை. வசந்தியக்கா விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அப்ப 'ங்க' இருக்கட்டும்" என்றாள்.

அந்தப் பெரியப்பனிடமிருந்து ராமண்ணன் இன்னொன்றையும் கொண்டுவந்தார். ஒரு இருமல். சளிக்கான இருமல் இல்லை. வாசலுக்கு வருவதற்கு முன், வெளியே நின்று தொண்டையை ஒருமுறை செருமுவது. உள்ளே இருப்பவர்கள் எழுந்து, வேட்டியை இறக்கி, பேச்சை நிறுத்தி, தயாராகிக்கொள்ள அவர் தருகிற அவகாசம். ராமண்ணன் பட்டறைக் கதவுக்கு வெளியே போய் நின்று அதைச் செய்து காட்டியபோது எனக்குப் பின்கழுத்தில் சில்லென்றது.

எனக்குப் பிரச்சினையே அந்த இருமலில்தான். சும்மா உட்காரச் சொன்னால் உட்காருவேன். குதிகாலுக்கடியில் பேப்பர் மாட்டிக்கொள்ளும், கிழியும். கதவுக்கு வெளியே ராமண்ணன் செருமினால் போதும், மூச்சு நெஞ்சுக்கூட்டின் மேல்மாடிக்குப் போய் நின்றுகொள்ளும். தொடை இறுகும். வசந்தியக்கா பேப்பரை உருவுவாள். முழுசாக வரும்.

"ஏ புள்ள, அது நம்ம ராமண்ணன். இப்பத்தான் உனக்கு வடை வாங்கிக் குடுத்தாரு."

"தெரியுதுக்கா."

"உனக்குத் தெரியுது. உன்ற காலுக்குத் தெரியலையே."

ஒயர் நாற்காலி

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் படித்த நாட்கள்.

அப்பா மில்லில் ஃபிட்டர். பெயர் அந்தோணி. பிறந்தது உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில். தோப்பு எங்களுடையது இல்லை; அதில் வேலை செய்த குடும்பம் எங்களுடையது. மீசை முளைக்கிற வயதில் பங்குச் சாமியார் ஒருவர் அவரைக் கோயமுத்தூருக்குக் கூட்டிவந்து மில்லில் சேர்த்துவிட்டார். நானெல்லாம் நகரத்தில் பிறந்து நகரத்தில் வளர்ந்தவள். தேங்காய் மரத்தில் காய்க்கிறது என்பதைப் படம் பார்த்துத்தான் படித்தேன் என்று அம்மா கேலி செய்வாள்.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு நாற்காலி. இரும்புச் சட்டத்தில் அம்மா தன் கையாலேயே பச்சையும் வெள்ளையுமாக ஒயர் பின்னியது. நாங்கள் அதில் உட்காருவோம், ஆனால் யாரும் சாய்ந்ததில்லை. சாய்கிற பக்கத்து ஒயர் வருடக்கணக்காகப் புதுசாகவே இருந்தது.

அந்தத் தோப்பின் பண்ணாடி கண் ஆசுபத்திரிக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டுப் போவார். நல்ல மனிதர். கையோடு ஒரு சாக்கு தேங்காய் கொண்டுவருவார். தெருமுனையிலேயே அவர் செருமுகிற சத்தம் கேட்கும். அம்மா தன் முந்தானையாலேயே நாற்காலியைத் துடைப்பாள். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். அவர் எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்க மாட்டார் என்பதால் நான் கடைக்கு ஓடிக் கலர் சோடா வாங்கி வர வேண்டும். மூடியைக் கடையிலேயே உடைத்துவிடக் கூடாது. அவர் கண் முன்னால்தான் உடைக்க வேண்டும். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தந்ததாக நினைவில்லை. செருப்பை வாசலில் விடுவது போல இதுவும் தெரிந்திருந்தது.

ஒருமுறை நான் கட்டிலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் வந்துவிட்டதைக் கவனிக்கவில்லை.

"ஏப்பா அந்தோணி, இது உன்ற மகளா? நெம்ப வளந்துபோட்டாளே."

"ஆமாங்க பண்ணாடி."

அப்பா எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். முகம் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கும். அவருடைய இடது கை மட்டும் முதுகுக்குப் பின்னால் வந்தது. உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. விரல்கள் நான்கும் சேர்ந்து இரண்டு தடவை மேல்நோக்கி வெட்டின. எந்திரி, எந்திரி. நான் துள்ளி எழுந்தேன். மடியிலிருந்த பேனா உருண்டு கட்டிலுக்கடியில் போனது. பண்ணாடி கலர் குடித்து, ஏப்பம் விட்டு, கிளம்பும்வரை அதை எடுக்கவில்லை.

அப்பாவின் கை அதட்டவில்லை. மழை வரும்போது கொடியிலிருந்து துணியை எடுக்கச் சொல்கிற அவசரம்தான் அதில் இருந்தது. நான் நனைந்துவிடக் கூடாது என்பது போல.

அத்தையின் கால்

சூலூரில் என் அத்தை விசைத்தறி ஓட்டினாள். அவள் எங்கள் வீட்டுக்கு வந்தால் பக்கத்துத் தெருவுக்கே தெரியும். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, சும்மா "சோறு போடு" என்பதையே ஊர்வலக் கோஷம் மாதிரி சொல்வாள். சாப்பிட உட்கார்ந்திருக்கும்போதும் அவள் வலது கால் கட்டைவிரல் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும்.

இதைப் பேச்சுவாக்கில் சொன்னேன். வசந்தியக்கா அடுத்த வாரமே எங்களைச் சூலூர் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போய்விட்டாள். தறிக் கொட்டகையில் நின்று அத்தையைப் பார்த்தோம். கண் நூலில், இடுப்பு இந்தத் தறிக்கும் அந்தத் தறிக்கும் நடுவே ஒரு ஊசல். அறுந்த நூலை முடிகிறபோது அவள் விரலைப் பார்க்கவே இல்லை.

"அத்த, உங்க கால் ஆடிட்டே இருக்குதே, தெரியுங்களா?" என்று வசந்தியக்கா கத்திக் கேட்டாள்.

"எந்தக் காலு?" என்று அத்தை அதைவிட உரக்கக் கத்திக் கேட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குக் கிடைத்தது. அத்தைக்குத் தறி. சரி. எனக்கு? நான் தோப்பில் ஒருநாள்கூட வேலை செய்ததில்லை. எந்தப் பண்ணாடியும் என்னைத் திட்டியதில்லை. என் குதிகாலைத் தூக்குகிறது எந்தத் தறி?

இன்னொன்றும் புரியவில்லை. இதே அப்பாவை நான் மில் வாசல் கூட்டத்தில் பார்த்திருக்கிறேன். கொடிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்று, மேனேஜர் கார் உள்ளே போகும்போது அதன் கண்ணாடியைப் பார்த்து முழக்கம் போடுவார். அந்த முதுகில் பாலம் கிலம் எதுவும் கிடையாது. அதே முதுகு உடுமலையிலிருந்து ஒரு செருமல் வந்தால் மடிந்துவிடும். ஒரே ஆள், இரண்டு முதுகு.

எறும்பு

பங்குத் திருவிழாவில் நாடகம் என்று முடிவாகிவிட்டது. வசந்தியக்கா தீர்ப்புச் சொன்னாள்.

"நாடகத்தன்னைக்குக் காலையில கடைசியா ஒருக்காப் பேப்பர் வெச்சுப் பாப்பேன். வந்துதுன்னா உன்ற வேஷத்த நானே போட்டுக்கறேன். கோவிச்சுக்கக் கூடாது."

கோவிக்க மாட்டேன் என்றேன். சைக்கிளில் போகும்போது வழியெல்லாம் அழுதேன். அந்த வேஷத்தை நான் அவ்வளவு விரும்பினேன். அதுவரை என்னிடம் யாரும் எதையும் நம்பித் தந்ததில்லை.

வீட்டில் ஒயர் நாற்காலியில் உட்கார்ந்து பழகினேன். உட்காருவேன், எழுவேன், உட்காருவேன்.

"என்னடி, நாற்காலியில ஆணி கீணி இருக்குதா?" என்றாள் அம்மா.

"நாடகத்துல உக்கார்ற வேஷம்மா."

"பேசற வேஷம் கேள்விப்பட்டிருக்கறேன். அழுவற வேஷம் கேள்விப்பட்டிருக்கறேன்."

அப்பா கட்டில் ஓரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், "உக்கார்றதுக்கு என்ன கண்ணு பழக்கம் வேண்டியிருக்குது? உக்காந்தா உக்காந்தாச்சு" என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். அப்பா கட்டிலின் நுனியில் இருந்தார். யாரோ கூப்பிட்டால் உடனே எழுந்துவிடத் தோதாக. அவர் வீடு. அவர் கட்டில். எதிரில் நானும் அம்மாவும் மட்டும். நான் தரையில் ஏதோ தேடுவது போலக் குனிந்து, ஒரு காகிதத் துண்டை அவர் குதிகாலுக்கடியில் மெல்லத் தள்ளினேன். கொஞ்சம் பொறுத்து இழுத்தேன்.

முழுசாக வந்தது.

"என்ன கண்ணு பண்றே அங்க?"

"எறும்புப்பா."

அந்தத் துண்டை நான் யாரிடமும் காட்டவில்லை. வசந்தியக்காவிடம்கூட.

முதல் வரிசை

நாடகத்தன்று காலை பட்டறையில் கடைசிச் சோதனை. ராமண்ணன் செருமினார். வசந்தியக்கா இழுத்தாள். பேப்பர் கொஞ்சம் தயங்கிவிட்டு வந்துவிட்டது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி, போ. நீயே போ. நானும் சேலை கட்டிட்டு ஓரத்துல நிக்கறேன். நீ நாற்காலிக்கு மேல நின்னயின்னா, உன்ற அக்காளாட்ட நானே உள்ள வந்து உக்காந்துருவேன். கூலிக்காரன் ஊட்டுல ரெண்டு புள்ளைக இருக்கக் கூடாதா என்ன?" என்றாள்.

கோயில் மைதானம். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மரப்பலகை மேடை. கீழே இரும்பு மடக்கு நாற்காலிகள், அதற்குப் பின்னால் பாய்கள். காற்றில் மெழுகுவர்த்தியும் பஜ்ஜியும் கலந்த திருவிழா வாசனை. அப்பாவும் அம்மாவும் முதல் வரிசையில் இருந்தார்கள். அம்மா பிடிவாதமாக இடம் பிடித்திருப்பாள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலி நுனியில் இருந்தார்.

என் காட்சி வந்தது. மேடையில் ஒரு நாற்காலி, அதன் பக்கத்தில் நான். ஓரத்தில் திரைக்குப் பின்னால் வசந்தியக்கா, எனக்குப் போட்டியாகச் சேலையில். சேலைக்கு மேலே விசில்.

திரைக்குப் பின்னால் ராமண்ணன் செருமினார்.

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. மேடையில் இல்லை, கீழே.

அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

துண்டு தோளிலிருந்து கக்கத்துக்குப் போயிருந்தது. மேடையில் ராமண்ணன் இன்னும் வரவே இல்லை. அப்பாவோ அந்த வெற்று மேடை வாசலைப் பார்த்து, லேசாகக் குனிந்து நின்றிருந்தார். பின்வரிசையில் இன்னும் இரண்டு பெரியவர்கள் எழப் பார்த்துச் சுதாரித்துக்கொண்டார்கள். அப்பா சுதாரிக்கவில்லை.

"ஏனுங்க, உக்காருங்க, மறைக்குது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

யாரோ சிரித்தார்கள். அம்மா அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். அவர் காதில் எதுவும் விழவில்லை. ராமண்ணன் மேடைக்கு வந்தார், வெள்ளை வேட்டியும் கைத்தடியுமாக. அப்பா இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

எனக்கு வசனம் மறக்கவில்லை. வேஷம் மறந்துவிட்டது. இட்டேரி, தடம், பண்ணாடி எதுவும் இல்லை. ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. அப்பா உட்கார வேண்டும். அத்தனை பேர் பார்க்க அவர் அப்படி நிற்கக் கூடாது. கத்திச் சொல்ல முடியாது. கீழே இறங்கிப் போக முடியாது. என்னிடம் இருந்தது என் உடம்பு மட்டும்தான்.

நான் உட்கார்ந்தேன்.

மெதுவாக, அவர் பார்க்கும்படி. முதலில் இடுப்பெலும்பு நாற்காலியைத் தொட்டது. அதன்மேல் எடையை முழுசாக விட்டேன், சாக்கை இறக்குவது போல. தொடை இளகியது. மூச்சு மேல்மாடியிலிருந்து படியிறங்கி வயிற்றுக்கு வந்தது. இரண்டு குதிகாலும் மேடைப் பலகையில் அழுந்தின. அந்தப் பலகையின் ஒரு ஆணித்தலை இடது குதிகாலில் குத்தியது. குத்தட்டும் என்று இருந்தேன். கடைசியாக, வாழ்க்கையில் முதல் தடவையாக, முதுகைச் சாய்த்தேன்.

கீழே அப்பா என்னைப் பார்த்தார். வாசலிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். என் மூச்சு இறங்கும்போது அவர் தோள் இறங்கியது. முட்டி மடங்கியது. நாற்காலி இன்னொரு முறை கிறீச்சிட்டது.

அப்பா உட்கார்ந்துவிட்டார்.

ராமண்ணன் தன் வசனத்தைத் தொலைத்துவிட்டு, என்னையும் கீழே அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, மிரட்டலாகச் சொல்ல வேண்டியதை, பாவம், நிஜமாகவே கேட்டுவிட்டார்.

"என்னங்க கண்ணு வேணும்?"

"தடத்தப் பத்திப் பேசோணும்" என்றேன்.

நாடகம் முடிந்து ஓரத்துக்கு வந்தபோது வசந்தியக்கா பாராட்டவில்லை. சேலையைச் சுருட்டிக்கொண்டே, "இன்னைக்குப் பேப்பரு கிழிஞ்சிருக்கும்" என்றாள். பிறகு விசிலைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். ஐந்து நிமிஷம் கழித்து, "மறந்துபோட்டேன், நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்குது" என்று திரும்ப வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு மூன்று பேரும் நடந்தே போனோம்.

"ஏனுங்க, எதுக்கு அப்படி எந்திரிச்சு நின்னீங்க?" என்றாள் அம்மா.

"முன்னாடி ஒருத்தன் தலை மறைச்சுது."

"நாம உக்காந்ததே முதல் வரிசையில."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "இவ அப்படி உக்காந்தாளே, நாற்காலி தாங்குமா தாங்காதான்னு எந்திரிச்சுப் பாத்தேன்" என்றார். அம்மா நடுத்தெருவில் நின்று சிரித்தாள். நான் அவரைத் திருத்தவில்லை. அவர் எழுந்த பிறகுதான் நான் உட்கார்ந்தேன் என்பது மூன்று பேருக்குமே தெரியும்.

கலர் பாட்டில்

அந்த நாடகத்துக்குப் பிறகு அப்பா மாறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். மாறவில்லை. கட்டில் நுனியிலேயே உட்கார்ந்தார். அவர் முதுகு ஒயர் நாற்காலியின் சாய்மானத்தைத் தொடவில்லை. நான் மட்டும் அடிக்கடி சாய்ந்து பார்ப்பேன். "முதுக எடு, ஒயர் தளந்துரும்" என்று அம்மா சத்தம் போடுவாள்.

சில மாதங்கள் கழிந்திருக்கும். பரீட்சை நேரம். நான் கட்டிலில் கால் நீட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் அந்தச் செருமல் கேட்டது. இந்தத் தடவை ராமண்ணன் இல்லை.

அம்மா நாற்காலியைத் துடைத்தாள். துண்டு தோளிலிருந்து கக்கத்துக்குப் போயிற்று. பண்ணாடிக்கு வயதாகியிருந்தது. ஒரு கண்ணில் பச்சைத் துணி. வாசற்படி ஏற அப்பாதான் கை கொடுத்தார். தேங்காய்ச் சாக்கைப் பின்னால் ஒருவன் கொண்டுவந்து இறக்கினான். அவர் ஒயர் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா எனக்கு முதுகைக் காட்டி, அவர் எதிரில் நின்றார். கலர் வாங்க அம்மாவே போய்விட்டாள்.

இத்தனை பயிற்சிக்கும் பிறகு என் உடம்பு என்ன செய்தது தெரியுமா? எழப் பார்த்தது. கால் கட்டிலிலிருந்து இறங்கி, விரல் நுனியில் நின்று, முட்டி பாதி நிமிர்ந்துவிட்டது.

அப்போது அப்பாவின் இடது கை முதுகுக்குப் பின்னால் வந்தது.

அந்தக் கையை எனக்குத் தெரியும்.

இந்தத் தடவை உள்ளங்கை கீழே பார்த்திருந்தது. விரல்கள் விரிந்திருந்தன. ஒரு முறை மெல்லக் கீழே அழுத்தியது. நான் அசையாமல் இருப்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ, இன்னொரு முறை, கொஞ்சம் பலமாக அழுத்தியது.

நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"என்ன கண்ணு, படிக்கறயா?" என்றார் பண்ணாடி, நல்ல கண்ணை என் பக்கம் திருப்பி.

"ஆமாங்க" என்றேன், உட்கார்ந்தபடி.

அவர் என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. முதுகு குனிந்துதான் இருந்தது. அம்மா கலர் கொண்டுவந்தாள், மூடியை அவர் எதிரில் உடைத்தாள், நுரை பொங்கிற்று. மழை பற்றி, தேங்காய் விலை பற்றி, ஊரில் யார் யார் செத்துப்போனார்கள் என்பது பற்றி அவர் பேச, அப்பா ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க பண்ணாடி" என்றார்.

அந்தக் கை மட்டும் விலகவில்லை. பாட்டில் காலியாகும்வரை, என்னைப் பார்த்து, காற்றை அழுத்திப் பிடித்தபடி அங்கேயே இருந்தது.